செவ்ர் பீங்கான் சாடிகளும் பாராமகாலும்

பிரான்சு நாட்டின் செவ்ர் அரச தொழிற்கூடத்தில் 18ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட பீங்கான் சாடிகள் உலகப் புகழ் பெற்றவை. இவற்றுள் பலவற்றுக்கு வாய், கழுத்து, கைப்பிடி, அடிப்பீடம் ஆகிய இடங்களில் பொன்முலாம் பூசிய வெண்கலப் பூண்கள் பொருத்தப்பட்டன. இச்சாடிகள் அரண்மனைக் கூடங்களை அலங்கரித்ததோடு, பிரெஞ்சு மன்னர்கள் பிற நாட்டு அரசர்களுக்கு அளிக்கும் அரசியல் பரிசாகவும் பயன்பட்டன.

செவ்ர் பீங்கானுக்கும் இன்றைய தருமபுரி மாவட்டத்துக்கும் ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. 1788ஆம் ஆண்டில் தருமபுரி உள்ளிட்ட பாராமகால் பகுதியை மைசூர் மன்னர் திப்பு சுல்தான் ஆண்டுவந்தார். அவ்வாண்டில் அவருடைய தூதுவர்கள் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் படை உதவி கேட்டுச் சென்றனர். அவர்களுக்குப் பீங்கான் உள்ளிட்ட விலையுயர்ந்த பரிசுகள் கிடைத்தன, படை கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் பாராமகால் திப்புவின் கையை விட்டுச் சென்றது. அந்தப் பரிசின் பின்னணியை அறிந்தால், தருமபுரியின் வரலாற்றில் ஏற்பட்ட பெரும் திருப்பம் ஒன்றும் விளங்கும்.

பாராமகால்

சங்க காலத்தில் அதியமான்கள் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. பிற்காலத்தில் இப்பகுதியும் இன்றைய கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பகுதிகளும் சேர்ந்து பாராமகால் எனப் பெயர் பெற்றன. 'பாரா' என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட நாடு என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர்.

மைசூர் மேட்டுநிலத்துக்கும் கிழக்கே உள்ள தமிழ்ச் சமவெளிக்கும் இடையில் பாராமகால் அமைந்துள்ளது. மேட்டிலிருந்து சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் இதன் வழியாகவே செல்கின்றன. எனவே பாராமகாலைக் கையில் வைத்திருப்பவருக்கு ஆர்க்காடு, சேலம் ஆகிய இரு திசைகளிலும் படை நடத்துவது எளிதாக இருந்தது. 1760களில் ஐதர் அலியின் ஆட்சிக்குள் வந்த இப்பகுதி, அவருக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த போர்களில் பலமுறை போர்க்களமாயிற்று. 1782இல் ஐதர் அலி இறந்தபின் அவர் மகன் திப்பு ஆட்சிக்கு வந்தார்.

1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் இரண்டாம் மைசூர்ப் போர் முடிந்தது. ஆனால் அமைதி நீடிக்காது என்பதைத் திப்பு அறிந்திருந்தார். கம்பெனி, ஐதராபாத் நிசாம், மராத்தியர் ஆகிய மூவரும் ஒன்று சேர்ந்தால் மைசூர் தனித்து நிற்க நேரும். இந்நிலையில் ஆங்கிலேயரின் பழைய பகைவரான பிரெஞ்சுக்காரரின் துணையை அவர் நாடினார்.

பிரான்சில் பீங்கான் உருவான வரலாறு

பீங்கான் செய்யும் முறையை முதலில் கண்டறிந்தவர்கள் சீனர். சீனப் பீங்கான் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் வழியாகத் தமிழகத்துக்கும் வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன.

ஐரோப்பியர் சீனப் பீங்கானைப் பெரும் விலை கொடுத்து வாங்கினர். அதைச் செய்யும் முறை அவர்களுக்கு நீண்ட காலம் பிடிபடவில்லை. செருமனியின் சாக்சனி நாட்டில் அகத்து மன்னரின் ஆதரவில் ஆய்வுகள் நடந்தன. அவற்றின் பயனாக 1710இல் மைசன் நகரில் முதல் ஐரோப்பியப் பீங்கான் தொழிற்கூடம் நிறுவப்பட்டது. சீனாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல், 1712இலும் 1722இலும் எழுதிய மடல்களில் அங்குள்ள பீங்கான் தொழிலை விரிவாக விளக்கினார்.

பிரான்சில் 1740 அளவில் பாரிசுக்கு அருகிலுள்ள வின்சென் கோட்டையில் ஒரு தொழிற்கூடம் தொடங்கியது. அது 1756இல் செவ்ர் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. பதினைந்தாம் லூயி மன்னர் 1759இல் அதை முழுவதும் தம் உடைமையாக்கிக் கொண்டார். ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் வெர்சாய் அரண்மனையிலேயே செவ்ர் பீங்கான் விற்பனை நடந்தது. அரசவையினர் மன்னரின் முன்னிலையில் அதை வாங்கினர்.

பீங்கானில் இரு வகை உண்டு. வெண்களிமண் கிடைக்காத காலத்தில் கண்ணாடித் தூள் போன்ற பொருள்களைக் கலந்து செய்தது மென்பீங்கான். கயோலின் எனப்படும் வெண்களிமண்ணைக் கொண்டு, ஏறத்தாழ 1,400 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டது வன்பீங்கான். 1768இல் லிமோஜ் நகருக்கு அருகிலுள்ள சென்ட் இரியே என்னும் ஊரில் கயோலின் கண்டெடுக்கப்பட்டது. அதன்பின் செவ்ரில் வன்பீங்கானும் செய்யப்பட்டது. மென்பீங்கான் சூளையில் எளிதில் வளைந்து உருக்குலையும். ஆனால் வண்ணங்கள் அதன் மெருகில் ஆழ ஊறி ஒளிரும். 1753இல் வந்த வான்நீலம், 1757இல் வந்த இளஞ்சிவப்பு, 1763இல் வந்த அடர்நீலம் ஆகியவை செவ்ரின் பெயரை நிலைநாட்டின.

பொன்முலாம் பூண்கள்

உலக்கையின் நுனி தேயாமலும் பிளவுபடாமலும் இருக்க இரும்புப் பூண் கட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். பீங்கான் சாடிக்குப் பூண் கட்டுவதன் முதல் நோக்கமும் இதுவே. சாடியின் வாயும் அடியும் எளிதில் உடையக் கூடியவை. உலோகப் பூண் அவற்றைக் காத்தது. பெரிய சாடிகளைச் சூளையில் ஒரே துண்டாகச் சுடுவது கடினம். எனவே அவற்றைப் பகுதி பகுதியாகச் சுட்டு இணைத்தனர். இணைப்பு வெளியே தெரியாமல் பூண் மறைத்தது. பாரிசு வணிகர்கள் சீனப் பீங்கான் சாடிகளுக்கும் இவ்வாறு பூண் கட்டி, அவை பிரெஞ்சு மாளிகைகளின் மேசை நாற்காலிகளோடு பொருந்துமாறு செய்தனர்.

பூண் செய்யும் வேலை செவ்ரில் நடக்கவில்லை. அது பாரிசு நகரத்து வார்ப்பாளர், முலாம் பூசுவோர் ஆகியோரின் தொழில். வணிகர்கள் இரு தரப்பினரையும் இணைத்தனர். வேலை நான்கு நிலைகளில் நடந்தது.

முதலில், செய்ய வேண்டிய வடிவத்துக்கு ஒரு மாதிரி செய்து, அச்செடுத்து வெண்கலம் வார்த்தனர். இரண்டாவதாக, சிற்றுளிகளால் இலை, பூ, மணி போன்ற நுண்வேலைகளைச் செதுக்கினர். மூன்றாவதாக, பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கி உலோகத்தின் மேல் தடவினர். நான்காவதாக, அதை நெருப்பில் காட்டினர். பாதரசம் 357 பாகை செல்சியசில் ஆவியாகிவிடும். பொன் மட்டும் உலோகத்தோடு ஒட்டி நிற்கும். பின்னர் வேண்டிய இடங்களைக் கடினமான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினர். மற்ற இடங்களை மங்கலாகவே விட்டனர். இம்முறையில் செய்த பொருளை ஓர்மொலு என்பர். 'அரைத்த பொன்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து இப்பெயர் வந்தது.

இந்த அழகுக்குத் தொழிலாளர் கொடுத்த விலை பெரிது. பாதரச ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கைந்நடுக்கம், பல் உதிர்தல், நரம்புக் கோளாறு ஆகியவை ஏற்பட்டன. பலர் இளமையிலேயே இறந்தனர்.

பியேர் கூத்தியேர், பியேர் பிலிப் தொமீர் ஆகியோர் இக்கலையில் புகழ் பெற்றவர்கள். 1783இல் செவ்ரில் செய்யப்பட்டு, தொமீர் பூண் அமைத்த ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள நீலச்சாடி இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. திப்புவின் தூதுவர்கள் பிரான்சுக்குச் சென்ற காலத்தில் இக்கலை எட்டியிருந்த உச்சத்துக்கு இச்சாடி சான்றாகும்.

குறிகளும் போலிகளும்

செவ்ர் பீங்கானின் அடிப்பகுதியில் அரச குறி இருக்கும். லூயி மன்னரின் பெயர் முதலெழுத்து இரண்டு, ஒன்றையொன்று எதிர்நோக்கிப் பின்னியவாறு வரையப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கும். தொடக்கத்தில் இதற்கு ஓரெழுத்தே பயன்பட்டது. எழுத்துகள் தீர்ந்தபின் 1778 முதல் இரட்டை எழுத்துகள் வந்தன. வன்பீங்கானில் குறியின் மேல் ஒரு முடியும் வரையப்பட்டது. ஓவியரும் முலாம் தீட்டியவரும் தத்தம் சிறு குறிகளை இட்டனர்.

குறியை மட்டும் நம்பி ஒரு சாடியின் காலத்தை முடிவு செய்ய முடியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவ்ர் நிர்வாகம் ஓவியம் தீட்டாத பழைய பீங்கான்களை விற்றது. அவற்றை வாங்கிய பிறர் பழைய பாணியில் ஓவியம் தீட்டினர். பின்னர் பல தொழிற்கூடங்கள் முழுச் சாடியையே போலியாகச் செய்து அரச குறியையும் இட்டன. அடர்நீலச் சாடியில் பதினாறாம் லூயியின் உருவமோ அரசவைப் பெண்களின் உருவமோ இருந்தால், அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுப் படைப்பே.

பூணும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 1840இல் மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது. அம்முறையில் பூசிய பொன் மெல்லியதாகவும் எல்லா இடத்திலும் ஒரே சீராகவும் இருக்கும். பாதரச முலாம் தடித்து, ஆழ்ந்த மஞ்சள் நிறம் காட்டும். பழைய பூண்களில் உளியால் செதுக்கிய தடங்கள் தெளிவாகத் தெரியும்.

தூதுக்குழுவின் பயணம்

முகமது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகமது உஸ்மான் கான் ஆகிய மூவரைத் திப்பு தம் தூதுவர்களாகத் தேர்ந்தெடுத்தார். 1787 சூலையில் அவர்கள் புதுச்சேரியிலிருந்து கப்பலேறினர். மொரீசியசு தீவு வழியாக ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்று, 1788 சூன் மாதத்தில் பிரான்சின் துலோன் துறைமுகத்தை அடைந்தனர். அங்கிருந்து தரைவழியாகச் சூலையில் பாரிசு சென்று சேர்ந்தனர்.

அவர்கள் சென்ற இடமெல்லாம் மக்கள் திரண்டு வேடிக்கை பார்த்தனர். பெண் ஓவியர் எலிசபெத் விஜே லெ புரூன், தர்வேஷ் கானின் முழு உருவ ஓவியத்தைத் தீட்டினார். செவ்ர் தொழிற்கூடத்தின் ஓவியரான அசெலின், தூதுவர்கள் சென் குளூ பூங்காவில் உலவிய காட்சியை வரைந்தார். அந்த ஓவியம் இன்றும் செவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. தூதுவர்கள் செவ்ர் தொழிற்கூடத்துக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர்.

1788 ஆகத்து 10ஆம் நாள் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி அவர்களை வரவேற்றார். ஆங்கிலேயருக்கு எதிரான கூட்டணியும் படை உதவியும் தூதுவர்களின் முதன்மைக் கோரிக்கை. அதனுடன் கைவினைஞர்களையும் விதைகளையும் செடிகளையும் திப்பு கேட்டிருந்தார். தம் நாட்டிலேயே புதிய தொழில்களைத் தொடங்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

பரிசும் மறுப்பும்

செவ்ர் பீங்கானை அரசியல் பரிசாக அளிப்பது பிரெஞ்சு அரசின் நிலைத்த வழக்கம். 1758இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவுக்கும், 1768இல் டென்மார்க் மன்னர் ஏழாம் கிறித்தியானுக்கும் செவ்ர் விருந்துக் கலங்கள் அளிக்கப்பட்டன. திப்புவுக்கும் அவருடைய தூதுவர்களுக்கும் அளித்த பரிசுகளிலும் செவ்ர் பீங்கான் இடம்பெற்றது. பிரான்சின் செல்வத்தையும் தொழில் திறனையும் மைசூர் அரசவை கண்ணால் காண வேண்டும் என்பது இதன் நோக்கம். கேட்ட கைவினைஞர்களில் சிலரும் மைசூருக்கு வர இசைந்தனர்.

கூட்டணிக்கு மட்டும் லூயி இசையவில்லை. இதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதற் காரணம், ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கை. அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கருக்குத் துணை நின்ற பிரான்சு, 1783இல் ஆங்கிலேயரோடு சமாதானம் செய்து கொண்டது. மீண்டும் ஒரு போரை அது விரும்பவில்லை.

இரண்டாம் காரணம் பணமின்மை. அமெரிக்கப் போரின் செலவு பிரெஞ்சுக் கருவூலத்தைக் காலி செய்திருந்தது. தூதுவர்களை வரவேற்பதற்கு இரு நாள் முன்பு, ஆகத்து 8இல், நாட்டின் முப்பேரவையை அடுத்த ஆண்டு மே மாதம் கூட்டப் போவதாக அரசு அறிவித்தது. 1614க்குப் பின் அப்பேரவை கூடியதே இல்லை. வரவேற்புக்கு ஆறு நாள் பின்பு, ஆகத்து 16இல், அரசு தன் கடன்களுக்கான பணப் பட்டுவாடாவை நிறுத்தியது. அதாவது, பொன் பூசிய கூடத்தில் தூதுவர்களை வரவேற்ற அரசு, அதே வாரத்தில் கடனைத் திருப்பித் தர முடியாத நிலையில் இருந்தது.

இந்நிலையில் பீங்கான் கொடுப்பது எளிது. சூளையும் ஓவியர்களும் மன்னருடையவை. பரிசு பெறுபவருக்கும் பெருமை. படையைக் கடல் கடந்து அனுப்புவதோ பெருஞ்செலவு. அது போரையும் கொண்டுவரும். கொடுக்க முடிந்ததை லூயி சிறப்பாகக் கொடுத்தார். திப்புவுக்குத் தேவைப்பட்டது அதுவன்று.

தூதுவர்கள் 1789இல் ஊர் திரும்பினர். அவ்வாண்டு சூலை 14இல் பாரிசில் பாஸ்தீல் சிறை தகர்க்கப்பட்டுப் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. செலவைக் குறைப்பதற்காகப் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் படையும் அவ்வாண்டே மொரீசியசுக்குத் திரும்பப் பெறப்பட்டது. மைசூருக்கு மிக அருகில் இருந்த பிரெஞ்சுப் படையும் இவ்வாறு இல்லாமற் போயிற்று.

பாராமகால் கைமாறுதல்

1789 டிசம்பரில் திப்பு திருவிதாங்கூர் எல்லை அரணைத் தாக்கினார். திருவிதாங்கூர் கம்பெனியின் நட்பு நாடு. எனவே 1790இல் மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. திப்பு அஞ்சியபடியே கம்பெனி, நிசாம், மராத்தியர் ஆகிய மூவரும் ஒன்று சேர்ந்தனர். திப்புவின் பக்கம் யாரும் இல்லை.

பாராமகால் மீண்டும் போர்க்களமாயிற்று. 1790 இறுதியில் திப்புவே படையுடன் இங்கு இறங்கி வந்தார். 1791 மார்ச்சில் காரன்வாலிசு பெங்களூரைப் பிடித்தார். அவ்வாண்டு சூலையில் இராயக்கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஆண்டின் இறுதியில் மாக்சுவெல் என்ற தளபதி பென்னாகரம் கோட்டையைக் கைப்பற்றினார். ஆனால் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் மீது அவர் நடத்திய தாக்குதல் தோல்வியடைந்தது.

1792 பிப்ரவரியில் சீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. மார்ச்சு மாதம் செய்த உடன்படிக்கைப்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டமாகத் தர ஒப்புக்கொண்டார். தம் மகன்கள் இருவரைப் பிணையாக அனுப்பினார். பாராமகால், சேலம், திண்டுக்கல், மலபார் ஆகியவை கம்பெனிக்குச் சென்றன. தருமபுரியில் மைசூர் ஆட்சி முடிந்தது.

கம்பெனி அலெக்சாண்டர் ரீடை இப்பகுதியின் தலைமை அதிகாரியாக நியமித்தது. அவருடைய உதவியாளர்களுள் ஒருவர் தாமசு மன்றோ. மன்றோ 1792 முதல் 1799 வரை பாராமகாலில் பணியாற்றினார். அதில் பெரும் காலம் தருமபுரியில் தங்கியிருந்தார். நிலங்களை அளந்து, இடைத்தரகர் இல்லாமல் பயிரிடுவோரிடமே நேராக வரி வாங்கும் இரயத்துவாரி முறைக்கு இங்கே வித்திடப்பட்டது. பின்னாளில் மன்றோ சென்னை மாகாண ஆளுநரானபோது இம்முறை மாகாணத்தின் பெரும் பகுதியில் நிலைபெற்றது. வெர்சாய் மறுத்த உதவியின் விளைவை இவ்வாறு தருமபுரி உழவர்கள் தங்கள் நிலவரியில் உணர்ந்தனர்.

இரு அரண்மனைகளின் பொருள்கள்

பரிசு கொடுத்தவரும் பெற்றவரும் சில ஆண்டு இடைவெளியில் வீழ்ந்தனர். பதினாறாம் லூயி 1793 சனவரி 21இல் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார். அவ்வாண்டு ஆகத்து முதல் ஏறத்தாழ ஓராண்டு காலம் வெர்சாய் அரண்மனைப் பொருள்கள் ஏலம் விடப்பட்டன. 17,000க்கும் மேற்பட்ட தொகுதிகளாக அவை விற்கப்பட்டன. திப்பு 1799 மே 4இல் சீரங்கப்பட்டணக் கோட்டையில் போரிட்டு மடிந்தார். அவருடைய அரண்மனைச் செல்வங்களை வென்ற படையினர் பங்கிட்டுக் கொண்டனர். பொன் வேய்ந்த அவருடைய அரியணை துண்டு துண்டாக உடைக்கப்பட்டது.

இரு அரண்மனைப் பொருள்களிலும் பல இங்கிலாந்தைச் சென்றடைந்தன. பதினாறாம் லூயி 1783இல் தமக்கென வெர்சாய் அரண்மனைக்குச் செய்யச் சொன்ன செவ்ர் விருந்துக் கலங்கள் அவர் இறக்கும்போது முழுமை பெறவில்லை. அவற்றைப் பின்னர் நான்காம் ஜார்ஜ் மன்னராக முடிசூடியவர் 1811இல் வாங்கினார். திப்புவின் அரியணையிலிருந்த பொற்புலித் தலையும், மணிகள் பதித்த ஹுமா பறவையும் அதே அரச குடும்பத்திடம் வந்து சேர்ந்தன. 1788இல் ஆங்கிலேயருக்கு எதிராகக் கைகோப்பது பற்றிப் பேசிய இரு மன்னர்களின் அரும்பொருள்கள், இன்று பிரித்தானிய அரச சேகரிப்பு என்னும் ஒரே சேகரிப்பில் உள்ளன.